பலகை இல்லாத கடை

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுப் பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்ரீரங்கத்துப் பழைய கடைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது தோழர் ஒருவர் சிரித்தார். "தாத்தா பேர்ல நடக்குற கூட்டம்மா இது. காபிப்பொடிக் கடையும் பல்லி மிட்டாயும் பத்திப் பேசுற எடமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில்தான் இந்த உரை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கேட்டு வாங்கியவற்றில் முதன்மையானது தெரு. தெருவில் நடக்கும் உரிமை, கடைவீதிக்குள் போகும் உரிமை. அந்த உரிமை வந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது அந்தத் தெருவின் நினைவில் நமக்கு இடம் உண்டா என்று நான் கேட்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் ஒன்றுகூடினோம். படிப்பு முடிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த சந்திப்பு. சாப்பாடு முடிந்ததும் ஒருவர் காகிதமும் பேனாவும் எடுத்தார். "நாம படிச்சப்ப ஸ்ரீரங்கத்துல இருந்த கடையெல்லாம் ஒண்ணு விடாம எழுதுவோம்" என்றார். ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். காபிக்கொட்டை வறுக்கும் வாசனை வரும் கடை, திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் விற்கும் கடை, நாட்டு மருந்துக் கடை, பாத்திரக்கடை, மாவு மில், வாடகை சைக்கிள் கடை, லாண்டிரி, மணிக்கூண்டு மாதிரி கண்ணாடிப் பாட்டில்களில் மிட்டாய் அடுக்கிய பெட்டிக்கடை, வாழையிலைக் கடை, கதம்பம் கட்டும் பூக்கடை. கடையோடு சேர்த்து வீட்டையும் சொன்னார்கள். இந்த வீட்டு மாமா ரயில்வே, அந்த வீட்டு மாமி முறுக்கு சுற்றுவார், எதிர்வீட்டில் வீணை சொல்லித் தருவார்கள் என்று. நாற்பதுக்கு மேல் எழுதியாகிவிட்டது. எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நானும் பாதிக் கடைகளைச் சொன்னேன். எனக்கும் அந்தக் கடைகள் தெரியும்.

பட்டியலை அவர் உரக்கப் படித்தபோது ஒரு கடை அதில் இல்லை. ராஜகோபுரத்துக்கு வெளியே, தெற்குப் பக்கத்தில் சாலை திரும்பும் மூலையில், ஒரு கறுப்புக் குடையின் கீழ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த கடை அது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது அங்கே ஒற்றைக்காலில் நின்றிருப்பார்கள். இன்னொரு காலின் செருப்பு தாத்தாவின் கையில் இருந்திருக்கும். என் தாத்தாவைத்தான் சொல்கிறேன்.

யாரும் வேண்டுமென்று விடவில்லை. அவர்களுக்கு அது கடையாகவே தோன்றவில்லை. பெயர்ப்பலகை இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, ஷட்டர் இல்லை. ஒரு மரப்பெட்டி, இரும்புக் கால், குத்தூசி, தோல் வெட்டும் கத்தி, மெழுகு போட்ட நூல், தோலை ஊறவைக்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு தகர டப்பா. அவ்வளவுதான். ஆனால் வெறுப்பினால் விடுபட்டதைவிடக் கண்ணில் படாமல் விடுபட்டதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. வெறுப்பு என்றால் சண்டை போடலாம். கண்ணில் படாததோடு எப்படிச் சண்டை போடுவது?

வீதியும் சந்தும்

ஸ்ரீரங்கத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஏழு மதில்கள். வெளிப்புறத்து மூன்று சுற்றுகளில்தான் ஊர் இருக்கிறது. உள்ளே உத்திர வீதிகள், அடுத்து சித்திரை வீதிகள், கடைசியில் அடையவளஞ்சான் வீதிகள். உத்திர, சித்திரை வீதிகள் பெரும்பாலும் பிராமணர் குடியிருப்புகளாக இருந்தன. அடையவளஞ்சானில் மற்ற சாதியினர். நாம் மதிலுக்கு வெளியே. சன்னதியிலிருந்து எத்தனை மதில் தள்ளி இருக்கிறோம் என்பதே சாதியின் அளவுகோல். ஒரு சமூகவியல் மாணவிக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைக்காது. கல்லிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வரைபடத்தில் இன்னொரு அடுக்கு உண்டு. வீடுகள் வீதியில் தொடங்கிக் கொல்லை வரைக்கும் நீண்டு போகும். கொல்லையின் கடைசியில் எடுப்புக் கக்கூஸ். அதற்குப் பின்னால் சந்து. என் அவ்வா, அதாவது என் அப்பாவின் அம்மா, நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்த காலம் அது. 1994-இல்தான் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்க்கப்பட்டுத் திருச்சி மாநகராட்சி ஆனது. அவ்வா விடிவதற்கு முன்னால் வாளியும் தகரமும் சாம்பலும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போவார். வீதியில் இருப்பவர்கள் எழுந்து கோலம் போடுவதற்குள் சந்தில் வேலை முடிந்திருக்க வேண்டும்.

அவ்வாவுக்கு அந்த வீதிகளின் எல்லா வீடும் தெரியும். ஆனால் வாசல் தெரியாது. எந்த வீட்டில் திண்ணை இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்த வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை, எந்த வீட்டில் புதிதாக மருமகள் வந்திருக்கிறாள், எந்த வீட்டில் கல்யாணத்துக்கு உறவினர் இறங்கியிருக்கிறார்கள், எந்த வீட்டில் கஷ்டம் வந்து சாப்பாடு குறைந்துவிட்டது, எல்லாம் தெரியும். ஒரு தெருவின் குடும்பங்களைப் பற்றி இத்தனை அறிந்த ஒருவரிடம் யாரும் ஒரு நாளும் "அந்தக் காலத்தில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்று கேட்டதில்லை. நானும் காலம் கடந்துதான் கேட்டேன்.

உலர்கழிப்பிடங்களையும் மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையையும் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்தது 1993-இல். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அதன் பிறகு 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சட்டங்கள் வந்தன, எடுப்புக் கக்கூஸ்கள் இடிக்கப்பட்டன, சந்துகள் வாகனம் நிறுத்துமிடமாகவும் வீட்டின் நீட்சியாகவும் மாறின. வீதியின் பழைய பெருமையைப் பேசும்போது சந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீதி நினைவாகிவிட்டது, சந்து காணாமல் போய்விட்டது.

எழுத்தாளர் சுஜாதா தான் வளர்ந்த சித்திரை வீதியை 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் எழுதினார். நானும் ரசித்துப் படித்தவள்தான். அவர்மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அவர் வீட்டு வாசலிலிருந்து தெரிந்ததை அவர் எழுதினார். கொல்லைப்புறக் கதவிலிருந்து தெரிந்ததை எழுத வேண்டியவர்கள் நாம். எழுதாமல் இருந்துவிட்டு அவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆய்வாளர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். 1965-இல் வெளியான 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற அந்த நூல் இன்றும் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அவர் தங்கியது அக்ரகாரத்தில். அக்ரகாரத்தில் தங்கியவர் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பேராசிரியருக்கே தங்கும் வீடுதான் பார்வையைத் தீர்மானித்தது என்றால், நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

கால் படாமல் போனவர்

திருச்சியில் நின்றுகொண்டு தெருவைப் பற்றிப் பேசும்போது திருப்பாணாழ்வாரைப் பேசாமல் இருக்க முடியாது. உறையூர்க்காரர். பாணர் குலம் என்பது மரபு. காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியவருக்குக் காதில் விழவில்லை. கல்லை விட்டெறிந்தார்; நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கனே முனிவரிடம் அவரைத் தோளில் சுமந்து வரச் சொன்னதாகவும், அப்படியே சுமந்து போனதாகவும், உள்ளே போய் 'அமலனாதிபிரான்' பத்துப் பாசுரம் பாடி இறைவனோடு கலந்துவிட்டதாகவும் கதை சொல்கிறது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லெறிந்தவனே சுமந்தான் அல்லவா? பிறகு ஒருநாள் அவ்வா ஒரு கேள்வி கேட்டார். "தூக்கிட்டுப் போனாங்க சரி. அவரு காலு ஏன் தரையில படல?" நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. எம்.ஏ. படித்து முடித்த பிறகும் அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலைக் கண்டதில்லை: தெருவைத் தொடாமல் உள்ளே போனார். திரும்பியும் வரவில்லை. வந்திருந்தால் மறுநாள் எந்தத் தெருவில் நடந்திருப்பார், எந்தக் கடையில் அரிசி வாங்கியிருப்பார் என்ற சிக்கல் வந்திருக்கும். கதை அந்தச் சிக்கலை வரவிடவில்லை. பக்தருக்கு இடம் கொடுத்தது. அவர் சாதிக்குத் தெருவைக் கொடுக்கவில்லை.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. எங்களை யாரும் தோளில் சுமக்க வேண்டாம். எங்கள் கால் தரையில் படட்டும் என்றார். 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியங்கள் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்களைப் போலவே போகலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு மார்ச்சில்தான் வைக்கம் போராட்டம் தொடங்கியிருந்தது. அங்கேயும் கேட்டது கோயிலை அல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களை. நம் மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் நடந்துபோவதற்காகவே அதே காலத்தில் பெரிய மோதல் நடந்தது.

அவருக்குத் தெரு ஏன் இவ்வளவு முக்கியம்? அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' படித்தவர்களுக்குத் தெரியும். 1939-இல் வெளிவந்த சின்னப் புத்தகம். கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் படித்த பள்ளியில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர். தன் சாதியும் குடியிருப்பும் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர்களோடு சேராமல் இருந்திருக்கிறார். மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். பிற்காலத்தில் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கரோடு உட்கார்ந்த மனிதர், சிறுவனாக இருந்தபோது தன் தெருவை மறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வேண்டும்.

நான் பார்த்த கடைகள்

அவ்வா சொன்ன கடைகள் வேறு, நான் பார்த்த கடைகள் வேறு. அவ்வாவின் இளமைக் காலத்தில் கடையின் படி ஏற முடியாது. சாமானைத் துணியிலோ இலையிலோ மேலிருந்து போடுவார்கள். காசைப் படியில் வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்து எடுப்பார்கள். டீ என்றால் கொட்டாங்குச்சி. நான் வளர்ந்த காலத்தில் தண்ணீர் தெளிப்பது இல்லை. காசைக் கையில் வாங்காமல் பலகைமேல் வைக்கச் சொல்லும் கடைகள் ஒன்றிரண்டு மிச்சமிருந்தன. கையில் வாங்கிய கடைக்காரர்களும் இருந்தார்கள். மாதக் கடைசியில் அரிசி கொடுத்து, சம்பளம் வந்த பிறகு வாங்கிக்கொண்ட நல்லவர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லவேண்டும்.

ஆனால் அந்த நல்லவர் ஒருவருடைய பற்று நோட்டை ஒருநாள் நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். இனிஷியல் போட்ட பெயர்கள், வீட்டு எண் போட்ட பெயர்கள். அவ்வாவின் பக்கத்தில் பெயர் இல்லை. அவர் செய்த வேலையின் பெயர் இருந்தது. அதைப் பெண்பாலில் எழுதியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அவருக்கு அவ்வாவின் பெயர் தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கடன் கொடுத்துவந்தவருக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை.

தாத்தாவிடம் இன்னொரு வரைபடம் இருந்தது. எழுதாத வரைபடம். தோல் வாங்கப் பாலக்கரைப் பக்கம் சைக்கிளில் போவார். மெயின்கார்டு கேட், சின்னக்கடை வீதி, காந்தி மார்க்கெட் வழியாகத்தான் போகவேண்டும். வழியில் எத்தனையோ டீக்கடை, காபிக் கிளப். எதிலும் நிற்கமாட்டார். பாலக்கரையில் ஒரு பாய் கடையில்தான் டீ குடிப்பார். "அங்க எல்லாருக்கும் ஒரே கிளாஸு" என்பார். திருச்சியின் பெயர்பெற்ற காபிக் கிளப்புகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எந்தக் கடையில் டிகாக்‌ஷன் நன்றாக இருந்தது என்று எழுதினார்கள். எந்தக் கடையில் யாருக்கு என்ன பாத்திரத்தில் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை.

இது தனிமனிதர்களின் மனக்குறை அல்ல, வரலாறு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனிச் சாப்பாட்டு இடங்கள் இருந்தன. பெரியாரின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1941-இல்தான் அது போனது. உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்து 1957-இல் சென்னையில் அவர் கிளர்ச்சி நடத்தினார். அது பழங்கதை என்று நினைத்திருந்தோம். 2012-இல் அதே ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் அந்தச் சொல் திரும்பி வந்தது. திராவிடர் கழகத்தினர் போராடினார்கள். கோயில்களை மட்டும் சொல்லி மற்றவர்கள் தப்பிக்கவும் முடியாது. இதே திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தலித் கிறித்தவரையும் மற்ற கிறித்தவரையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். செத்தவர்களுக்கும் தெரு பிரித்த ஊர் இது.

இந்த மேடையில் நான் சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்று உண்டு. எங்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் நம் மற்ற தலித் சமூகத்தார் இருந்தார்கள். அம்பேத்கர் படம் இருந்த வீடுகள்தான். அங்கே எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யோசித்தவர்களும் இருந்தார்கள். 2009-இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னபோதும் நமக்குள் நடந்த சில பேச்சுகளை நான் மறக்கவில்லை. தலித் இலக்கியம் என்று நாம் தொகுத்த தொகுப்புகளில் சந்து எத்தனை பக்கம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வீதிக்காரர்கள் எங்களைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள் என்று கோபப்படும் உரிமை நமக்கு இருக்கிறது. நம் பட்டியலிலும் யார் விடுபட்டார்கள் என்று பார்க்கும் கடமையும் இருக்கிறது.

குடை

தாத்தாவின் கடைக்கு வருகிறேன்.

அவர் உட்கார்ந்த காலத்தில் ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்றிருந்தது. பல நூற்றாண்டாக அடித்தளத்தோடு நின்றுபோனதை 1979-இல் மேலே எழுப்பத் தொடங்கினார்கள். 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு. 13 நிலை, 236 அடி. எனக்கு ஆறு வயது. தாத்தாவின் தோளில் உட்கார்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்த்தது நினைவிருக்கிறது. அந்த எட்டு ஆண்டும் சாரம் ஏறி இறங்கிய தொழிலாளர்களின் செருப்பு வார் அறுந்தால் தாத்தாவிடம்தான் வரும். "கோபுரத்துக்கு நான் ஒரு பைசா குடுக்கல. ஆனா கோபுரம் கட்டுனவன் காலுக்கு நாந்தான் தெச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2017-இல் இந்தக் கோயிலின் புனரமைப்புப் பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வந்தது. மகிழ்ச்சி. கல்லையும் சுதையையும் பாதுகாத்ததற்கு விருது. அதன் நிழலில் உட்கார்ந்து உழைத்தவர்களின் பெயரைப் பாதுகாக்க ஒரு நோட்டுகூடக் கிடையாது.

ஆறாம் வகுப்பில் வேறு பள்ளியில் சேர்ந்தேன். வீதிப் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து வருவேன். தாத்தாவின் மூலையைத் தாண்டித்தான் வரவேண்டும். முதல் நாள் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் பார்க்காததுபோல் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். பக்கத்தில் வந்த தோழி, "யாருடி அது, உன்னைக் கூப்பிடுறாரு?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன்.

அன்று இரவு தாத்தா எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளி விடும் நேரத்துக்குக் குடையைத் தாழ்த்திச் சாலைப் பக்கம் சாய்த்து வைத்துவிடுவார். வெயிலுக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். வெயில் அந்தப் பக்கம் இல்லை. நான் கூச்சப்படாமல் கடந்து போவதற்காக அவர் தன்னை மறைத்துக்கொண்டார். பள்ளியில் படித்த அத்தனை ஆண்டும் அந்தக் குடை சாய்ந்தே இருந்தது.

அதனால்தான் தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் அந்தப் பக்கங்களைப் படித்தபோது தூக்கம் வரவில்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. அவர் ஓடிய தெருவிலேயே நானும் ஓடியிருக்கிறேன். 1924 தீர்மானம் என் காலுக்குத் தெருவைத் திறந்துவிட்டது. என் மனத்துக்குள் இருந்த மதிலை அது திறக்கவில்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். சட்டசபைத் தீர்மானம் அதைச் செய்யாது.

செய்ய வேண்டியவை

நினைவைப் பேசிவிட்டுக் கலைந்துபோவது நம் பேரவையின் வழக்கமல்ல. மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம். 2014-இல் நிறைவேறிய தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் உட்கார்ந்து சேவை செய்பவரையும் வியாபாரி என்றே சொல்கிறது. செருப்புத் தைப்பவர் அதில் அடங்குவார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் அறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். திருச்சி 2017-இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. நடைபாதைக்குக் கல் பதிப்பதும் விளக்குப் போடுவதும் நல்லதுதான். கல் பதித்த பிறகு அங்கே இருந்த மரப்பெட்டி எங்கே போனது என்று நாம் கேட்க வேண்டும். மெயின்கார்டு கேட்டிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் ஸ்ரீரங்கத்திலும் செருப்புத் தைக்கும் நம் ஆட்களில் எத்தனை பேர் கையில் வியாபாரிச் சான்று இருக்கிறது என்று இந்த மாதத்துக்குள் நாமே போய்ப் பார்க்கலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, பதிவு. சந்தில் வேலை பார்த்தவர்களில் இப்போது இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். துன்பத்தை மட்டும் கேட்கக் கூடாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன கூலி, யார் நல்லவர், எந்தக் கடையில் டீ, எந்தச் சினிமாக் கொட்டகையில் எந்த வகுப்பு டிக்கெட், பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்ன வாங்கினீர்கள் என்று எல்லாம் கேட்க வேண்டும். நம்மிடமும் நம் தெருவின் சுவை இருந்தது. மாட்டுக்கறி வறுவல் வாசனை இருந்தது, தப்பு செய்யும் கைகள் இருந்தன, சம்பள நாள் ஜிலேபி இருந்தது. அழுகையை மட்டும் எழுதினால் அதுவும் பாதிப் பட்டியல்தான்.

மூன்றாவது, பெயர். பதிவு செய்கிறபோது, சம்மதத்தோடு, பெயரை எழுதுங்கள். அந்தப் பற்று நோட்டில் விட்டுப்போனதை நாம் நிரப்ப வேண்டும்.

அந்தப் பள்ளிச் சந்திப்பில் கடைசியாக என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். பட்டியலைப் படித்து முடித்ததும், "இன்னொரு கடை விட்டுப்போச்சு" என்றேன். சொல்ல ஆரம்பிக்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் நடுங்கியது. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் நடுங்கியது. ராஜகோபுரம், மூலை, கறுப்புக் குடை என்றதும் ஒருவர், "அட ஆமா! என் ஸ்கூல் பை வாரு அறுந்தப்ப அவருதான் தெச்சுக் குடுத்தாரு. காசு கூட அப்புறம் குடும்மானுட்டாரு" என்றார். இன்னொருவர் தன் அப்பாவின் செருப்பைச் சொன்னார். பத்து நிமிடத்துக்குள் ஆறேழு கதைகள் வந்துவிட்டன. எல்லாருக்கும் நினைவிருந்தது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை.

பேனா வைத்திருந்தவர், "கடைப் பேரு எதுவும் இல்லையே, என்னன்னு எழுதுறது?" என்று கேட்டார். என்னோடு அன்று நடந்துவந்த தோழியும் அங்கே இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் என் தாத்தா" என்றேன். பெயரைச் சொன்னேன். இரண்டு எழுத்தைத் தவறாக எழுதியிருந்தார். திருத்தி எழுதச் சொன்னேன். எழுதினார்.